417-இன் பின்பக்கம்

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பாப்பாவுக்கு இன்றோடு ஒன்பது மாதம். மதியம் அவள் தூங்கும்போது மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன், மூன்று தடவை. மூச்சு வருகிறது. வராமல் எங்கே போகும்? தெரிகிறது. ஆனாலும் நான்காவது தடவையும் எழுந்து போனேன். கேஸை மூடினேனா, தாழ்ப்பாள் போட்டேனா, பக்கெட்டில் தண்ணீர் நிற்கிறதா — ஒரு நாளைக்கு நூறு கேள்வி. இவர் என்னைப் 'பாதுகாப்பு அதிகாரி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

ஓடும்போது மட்டும்தான் இதெல்லாம் அடங்குகிறது. அதற்குக் கண்டக்டர் அக்காவைத்தான் சொல்ல வேண்டும். ஐந்து மாதத்துக்கு முன்னால் அவருடைய பஸ்ஸில், பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு, காரணமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தேன். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனவர் மூன்று நிறுத்தம் தாண்டித் திரும்பி வந்தார். "நாளைக்கு அஞ்சரைக்கு மைதானத்துக்கு வா. குழந்தையை அவங்கப்பன்கிட்ட குடுத்துட்டு வா." ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை. போனேன். கல்லூரியில் எண்ணூறு மீட்டர் ஓடிய கால்கள் இன்னும் இருக்கின்றன என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பதினாறு கிலோமீட்டர். கடைசி இரண்டில் பாதம் மரத்துவிட்டது.

எங்கள் ஓட்டக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி ஆள் வந்து சேரும்வரை யாரும் வீட்டுக்குக் கிளம்பக் கூடாது. வந்ததும் கண்டக்டர் அக்கா விரலை நீட்டித் தலை எண்ணுவார். "எல்லாரும் ஏறியாச்சா?" பதினான்கு சரியாக வந்தால்தான் "ரைட்". குழுவுக்குத் தலைவர் மருந்துக்கடை அண்ணன். ஆனால் அக்கா ரைட் சொல்லாமல் அவரே தன் ஸ்கூட்டரைத் தொட மாட்டார். அக்காவையும் சேர்த்தால் நாங்கள் பதினைந்து. உங்களை ஏன் எண்ணுவதில்லை என்று இன்று கேட்டேன். "கண்டக்டர் இல்லாம வண்டி எப்படிடி கிளம்பும்?" என்றார்.

போட்டிக்கு இன்னும் இரண்டு வாரம். சனிக்கிழமை காலை ஐந்து கிலோமீட்டர், மாலை பத்து, ஞாயிறு காலை இருபத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதக்கத் துண்டு. மூன்றையும் சேர்த்து வைத்தால் ஒரு முழு வட்டம். எனக்கு அந்த வட்டம் வேண்டும். வேண்டும் என்று இப்படி எதையும் நினைத்து நாளாகிவிட்டது. அக்காவுக்கு அந்த ஞாயிறு டூட்டி. சனிக்கிழமை இரண்டுக்கு மட்டும்தான் பதிந்திருக்கிறார்.

செப்டம்பர் 5, வெள்ளி

நெஞ்சில் குத்திக்கொள்ளும் நம்பர் அட்டை வந்துவிட்டது. 417. மூன்று ஓட்டத்துக்கும் அதே அட்டைதான். பின்பக்கத்தில் பெயர், வயது, ரத்தப் பிரிவு, அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும். இவருடைய எண்ணை எழுதிவிட்டு ஒவ்வொரு இலக்கமாக இரண்டு தடவை சரிபார்த்தேன். பாதுகாப்பு அதிகாரியாயிற்றே.

செப்டம்பர் 6, சனி

காலையில் ஐந்தும் மாலையில் பத்தும் முடித்துவிட்டேன். இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். பூசணிக்காயில் ஒரு கீற்று வெட்டியெடுத்த மாதிரி இருக்கிறது. பத்து முடிந்ததும் அக்கா நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து இடது தோளை அமுக்கிக்கொண்டிருந்தார். "பை மாட்டுற தோளு, இதுக்கு வேற வேலையே இல்ல" என்றார்.

வீட்டுக்கு வந்து பாப்பாவைத் தூக்கினால் உடம்பு கொதிக்கிறது. நூற்றியிரண்டு. இவர் மருந்து வாங்க ஓடினார். நான் மருந்துக்கடை அண்ணனுக்குப் போன் பண்ணி நாளைக்கு வரவில்லை என்றேன். எங்கள் குழுவில் ஓட முடியாதவர்களின் நம்பர் வீணாகாது. இன்னொருவர் குத்திக்கொண்டு ஓடுவார். போட்டி விதிப்படி தப்பு. எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் செய்வதுதான். அரை மணியில் அக்காவே வாசலில் வந்து நின்றார். டூட்டியை மாற்றிக்கொண்டாராம்.

"குடு. உன் மூணாவது துண்டை நான் வாங்கிட்டு வரேன். வட்டம் குறையா நிக்கக் கூடாது."

அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டுச் சிரித்தார். "உன் வீட்டுக்காரர் நம்பரா? எனக்கு ஒண்ணுன்னா அந்த மனுஷன் வந்து என்ன பண்ணுவாரு? டயப்பர் மாத்தவே ரெண்டு ஆள் வேணும் அவருக்கு."

அதை அடித்துவிட்டு உங்கள் மகள் எண்ணை எழுதித் தருகிறேன் என்றேன். பேனா உள்ளறையில், பாப்பா தலைமாட்டில் இருந்தது. "விடு, போனா முழிச்சுக்குவா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவர் மருந்தோடு திரும்பியபோது அக்கா தெருமுனையைத் தாண்டியிருந்தார். காய்ச்சல் பேச்சில் நம்பரைக் கொடுத்ததை இவரிடம் சொல்ல மறந்துபோனேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

அக்கா இல்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

எழுதித்தான் ஆக வேண்டும். வேறு யாரிடம் சொல்ல?

ஞாயிறு காலை எட்டு நாற்பதுக்கு இவர் போன் அடித்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன், பாப்பா நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு. எதிர்முனையில் ஒருவன் பதறுவது எனக்கே கேட்டது: உங்க மனைவி ஓடும்போது விழுந்துட்டாங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம். இவர் அலுவலகத்தில் போன மாதம்தான் ஒருவரை இதே மாதிரி போன் பண்ணி ஏமாற்றியிருந்தார்கள். "என் மனைவி என் பக்கத்துலதான் உக்காந்திருக்கா. வேற ஆளப் பாருப்பா" என்று சொல்லி வைத்துவிட்டார். என்னைப் பார்த்து, "நீ விழுந்துட்டியாம்" என்றார்.

நான் சிரித்தேன்.

இவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நம்பர் யாரிடம் இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள், பயப்பட வேண்டிய அந்த ஒரு நிமிஷத்தில் சிரித்தேன்.

அங்கே குழுவில் ஒவ்வொருவராக வந்து சேர்ந்து நின்றிருக்கிறார்கள். எண்ண ஆளில்லை. ஒன்பதரைக்கு மருந்துக்கடை அண்ணன் எனக்குப் போன் பண்ணி, கண்டக்டர் அங்கே பாப்பாவைப் பார்க்க வந்துவிட்டாரா என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது. இவர் போனைப் பிடுங்கி அந்த எண்ணுக்குத் திரும்ப அடித்து ஆஸ்பத்திரி எது என்று கேட்டேன். அக்காவின் மகளுக்குச் சொன்னேன். பத்தாம் வகுப்பு, அப்பா கிடையாது, அம்மாவும் பெண்ணும்தான். அந்த ஆஸ்பத்திரி அவர்கள் வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிடம். ஓடியிருக்கிறாள். ஒன்பது நாற்பத்தெட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

ஒன்பது நாற்பதுக்கு எல்லாம் முடிந்திருந்தது.

எட்டு நாற்பதிலிருந்து ஒரு மணி நேரம். பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். இதயம் ரொம்பவே பழுதாகியிருந்தது, சொல்வதற்கில்லை என்றார். சரி, பிழைத்திருக்க மாட்டார். ஆனால் பெண் பக்கத்தில் இருந்திருப்பாள்.

செப்டம்பர் 11, வியாழன்

ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குக் கூப்பிட்டார்கள். பொருட்கள் என் பெயரில் பதிவாகியிருக்கின்றன, நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டுமாம். ஒரு பிளாஸ்டிக் பை. ஷூ, தலைமுடிக் கிளிப், விசில், நான்கு ஊக்கு, 417.

பையைக் கொடுத்த நர்ஸ் கெட்டவர் இல்லை. மனசு கேட்காமல்தான் சொன்னார். "கொஞ்ச நேரம் நினைவு இருந்துச்சும்மா. அட்டையில இருந்த பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தோம். இல்ல இல்லன்னு தலையை ஆட்டினாங்க. வலிதான்னு நெனச்சுட்டோம்."

என் பெயரைச் சொல்லி.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஓடப் போகவில்லை. போட்டி முடிவுகள் வந்திருக்கின்றன. 417, என் பெயர், 'முடிக்கவில்லை'.

மருந்துக்கடை அண்ணன் வீட்டுக்கே வந்தார். தூங்கி நாளான முகம். நம்பர் மாற்றியது தெரிந்தால் குழுவை இரண்டு வருடம் தடை செய்துவிடுவார்கள்; அதைவிட, அக்காவின் பெண்ணிடம் போய் இதையெல்லாம் கிளறுவதால் யாருக்கு என்ன லாபம் என்றார். ஏதோ குளறுபடி என்றுதான் அவளிடம் சொல்லியிருக்கிறாராம். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. போகும்போது வாசலில் நின்று, "நம்பரை வாங்கிட்டுப் போன்னு கண்டக்டர்கிட்ட சொன்னதே நான்தாம்மா" என்றார். அவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நான் நினைக்கவே இல்லை.

செப்டம்பர் 17, புதன்

இவர் இப்போது எந்த எண்ணிலிருந்து போன் வந்தாலும் எடுக்கிறார். கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்களிடம்கூட, நின்றுகொண்டு, கடைசிவரை கேட்டுவிட்டு, "வேணாங்க, நன்றி" என்று சொல்லி வைக்கிறார். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். அக்காவின் தங்கை வந்து தங்கியிருக்கிறார். ஏதோ தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஆணியில் அக்காவின் தோள்பை தொங்குகிறது, உள்ளே இன்னும் சில்லறை சத்தம். அந்தப் பெண் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அம்மா கண்ணு முழிச்சாங்களா ஆன்ட்டி? கூட யாராச்சும் இருந்தாங்களா?"

தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

தெரியவில்லையாம்! எப்படி வந்தது வாயில்?

செப்டம்பர் 25, வியாழன்

சொல்ல வேண்டாம் என்கிறார் இவர். "கேட்டா அந்தப் புள்ள தாங்குமா? உன் மனசு லேசாகணும்னு அது தலையில வைக்கப் போறியா?" நியாயமான கேள்வி. என் பாரத்தை இறக்கத்தான் போகிறேனா? ஆனால் இது அவள் அம்மாவின் கடைசி ஒரு மணி நேரம். என்னிடம் எதற்கு இருக்கிறது அது?

செப்டம்பர் 28, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சித்தி வேலைக்குப் போயிருந்தார். பையை அவளிடம் கொடுத்தேன். அட்டையைத் திருப்பி என் எழுத்தைப் படித்தாள். அப்புறம் வரிசையாகச் சொன்னேன். பேனா, பாப்பா முழித்துவிடுவாள் என்றது, போன், இவர் வைத்தது, நர்ஸ் சொன்னது. எதையும் மிச்சம் வைக்கவில்லை. அழக் கூடாது என்று நினைத்துப் போனேன், அழவில்லை.

"சிரிச்சீங்களா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் ஊக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினாள். "அப்போ அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. ஆள் மாறிப்போச்சுன்னு."



எழுந்துபோய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்தேன். சாத்தினாள். சத்தம் போட்டு அடித்துச் சாத்தியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாக, தூங்குகிற வீட்டில் சாத்துவது மாதிரி சாத்தினாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

போட்டி நடத்தியவர்களுக்கு நடந்ததைக் கடிதமாக எழுதி அனுப்பினேன். மருந்துக்கடை அண்ணனும் கையெழுத்துப் போட்டார். எனக்கும் அவருக்கும் குழுவுக்கும் இரண்டு வருடம் தடை.

அக்டோபர் 12, ஞாயிறு

மைதானத்துக்குப் போனேன். எட்டுப் பேர்தான் வந்திருந்தார்கள். ஓடி முடித்து எல்லாரும் நின்றோம். யாரும் எண்ணவில்லை. யாரும் கிளம்பவும் இல்லை. வெயில் வந்தபிறகு ஒவ்வொருவராகப் போனோம்.

அக்டோபர் 30, வியாழன்

இரண்டு துண்டுகளும் அலமாரியில், துணிக்கு அடியில். எடுத்துப் பார்க்கவில்லை. எங்கே இருக்கின்றன என்று தெரிகிறது, அவ்வளவுதான்.

நவம்பர் 18, செவ்வாய்

மதியம் ஒன்றரைக்கு என் போனில் தெரியாத எண். ஒரு பெண் குரல், அவசரமாக. "உங்க பொண்ணு வகுப்புல மயங்கி விழுந்துட்டா. இப்போ முழிச்சுட்டா, பயப்பட ஒண்ணுமில்ல. வந்து கூட்டிட்டுப் போறீங்களா?"

என் பெண் மடியில் உட்கார்ந்து கரண்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள். நாளைக்குத்தான் அவளுக்கு ஒரு வயது.

என் பொண்ணு இங்கதான் — நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"எந்த வாசல் வழியா வரணும்?" என்று கேட்டேன்.

பாப்பாவையும் தூக்கிக்கொண்டு போனேன். பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் ஒரு அட்டையை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். அம்மா போனபிறகு புதிதாக நிரப்பிக் கொடுக்கச் சொன்னதாம். அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்ற இடத்தில், அவளுடைய குண்டு குண்டான எழுத்தில், என் எண். உறவு என்ற இடம் காலி. அடியில் தேதி, அக்டோபர் 1. கதவைச் சாத்தின மூன்றாம் நாள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. காலையில் சாப்பிடவில்லையாம். என்னைப் பார்த்ததும், "வேலை நேரத்துல சித்தியை போன் எடுக்க விட மாட்டாங்க" என்றாள், நான் எதுவும் கேட்காமலே. "சரி" என்றேன். பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். தரவில்லை. தானே தூக்கிக்கொண்டு, இரண்டடி தள்ளியே நடந்து வந்தாள்.

வீட்டில் சோறு போட்டேன். சாப்பிட்டாள். பாப்பா போய் அவள் ஷூ நாடாவைப் பிடித்து இழுத்தபோது காலை நகர்த்திக்கொள்ளவில்லை. சித்தி வரும்வரை படு என்றேன். முன்னறைச் சோபாவில், ஷூவோடு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டாள்.

மூன்று மணிக்குப் பாப்பாவும் தூங்கிவிட்டாள். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். பிறகு முன்னறைக்குப் போய், அவள் ஷூவைக் கழற்றாமல், சத்தம் வராமல் குனிந்து, அவளுக்கும் வைத்துப் பார்த்தேன்.