ஏணியடியில் ஒரு ஜோடி ஷூ

மார்ச் 3, செவ்வாய்

ஊருக்கே கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டு ஜீப்பின் சாவியைத் தொட எனக்கு அனுமதி இல்லை. என் பெயருக்கு ராசி உண்டு என்று வீட்டுக்காரர் என் பெயரில்தான் வாங்கினார். ஓட்டுவது மட்டும் அவர்.

இன்று ஜீப்பின் தலையில் கூடாரம் ஏறியது. பெட்டிபோல மடிந்து கிடக்கும், கொக்கியை எடுத்தால் விரியும், பக்கத்தில் அலுமினிய ஏணி. "இனிமே காடுதான் நமக்கு வீடு" என்று மூன்று முறை விரித்து மடக்கினார். எனக்கும் சிரிப்பு வந்தது. நன்றாக இருக்கும்போது இவரைப்போல ஒரு மனிதர் கிடையாது. தொல்லையே அதுதான்.

மார்ச் 15, ஞாயிறு

ஏரிக்கரையில் தங்கினோம். ஏணியில் வழுக்கி விழுந்தேன். மணிக்கட்டு வீக்கம். ஏரி அழகு.

மார்ச் 16, திங்கள்

பொய். ஆபீஸ் மேஜைக்குள் பூட்டிவைக்கும் இந்த நோட்டிலும் பொய் எழுதினால், உண்மையை எங்கே போய்ச் சொல்வேன்?

நடந்தது இது. தீப்பெட்டியை வீட்டிலேயே மறந்துவிட்டேன். அவ்வளவுதான். பாதி ஏணியில் இருந்தவளை மேலிருந்து நெஞ்சில் உதைத்தார். இறங்கி வந்து முடியைப் பிடித்து முகத்தை டயரில் தேய்த்தார். வீட்டில் அடிக்கும்போது வாயே திறக்கமாட்டார். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும். அங்கே கத்திக்கொண்டே அடித்தார். "கத்துடி, நல்லா கத்து! யாரு வரப்போறா?"

கூடாரம் எதற்கு வாங்கினார் என்று அப்போதுதான் விளங்கியது.

மார்ச் 19, வியாழன்

எலி குறுக்கே போனாலும் பிரேக்கில் ஏறி நிற்கும் தையல்கடைக்காரர்தான் இன்று முதல் ஆள். "கைல என்னாச்சு டீச்சர்?"

"ஏணி."

"ஏணி கூட அடிக்குமா?" என்றார், ரோட்டைப் பார்த்தபடியே. "கியரை மாத்துங்க" என்றேன்.

மார்ச் 27, வெள்ளி

அக்கா போன் செய்தாள். "பொட்டியத் தூக்கிட்டு வந்துடுடி."

"அடுத்த மாசம்க்கா."

"போன வருஷமும் இதையேதான் சொன்ன."

ஏப்ரல் 3, வெள்ளி

நாளை மறுபடியும் ஏரியாம். வரமாட்டேன் என்றேன். வயிற்றில் ஒரு குத்து, சத்தமே இல்லாமல். தீப்பெட்டி இரண்டு எடுத்துவைத்தேன்.

ஏப்ரல் 6, திங்கள்

அக்கா வீடு. காலையில் முதல் வேலையாக ஆபீஸ் போய் நோட்டை எடுத்து வந்தேன். அவர் என்று எழுத வரவில்லை. இனி அவன்தான்.

சனிக்கிழமை தண்ணீர்க் கேனைச் சரியாக மூடவில்லையாம். பிடரியைப் பிடித்து ஏரியில் முக்கினான். ஒருதரம். இரண்டுதரம். மூன்றாவதில் கை தளரவே இல்லை. மூக்கு, வாய் எல்லாம் சேறு. ஐயோ, இவ்வளவுதானா, இப்படியா சாகப்போறேன்னு நினைச்சேன். அப்புறம் அலுத்துப்போய்க் கையை எடுத்தான். "மிச்சம் காலைல" என்று சொல்லி மேலே ஏறிப் படுத்துக்கொண்டான்.

சாவி படுக்கையில் தொலையாமல் இருக்க, ஏணியடியில் கழற்றும் ஷூவுக்குள் போட்டுவைப்பது அவன் போட்ட சட்டம். நான் கரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். ஷூவைப் பார்த்தேன். குறட்டை வந்ததும் சாவியை எடுத்தேன். ஏணிக்கு இரண்டு கொக்கிதான். கழற்றிப் பின்சீட்டில் போட்டேன். கிளட்ச்சை மெதுவா, மெதுவா விடுங்க என்று மாணவர்களுக்குச் சொல்வதை எனக்கே சொல்லிக்கொண்டேன். முதல் கியர்.

தலைக்கு மேல் தகரம் அதிர்ந்தது. "நிறுத்துடி! கொன்னுடுவேன்!" ஒரு மரக்கிளை கூடாரத்தைக் கிழித்தது. அலறினான். அப்புறம் குரல் மாறியது. "நிறுத்தும்மா, விழுந்துடுவேன்மா." பன்னிரண்டு வருடத்தில் முதல் 'ம்மா'. ஐந்து கிலோமீட்டர், இரண்டாவது கியருக்குக்கூடப் போகவில்லை. போலீஸ் ஸ்டேஷன் வாசலில்தான் நிறுத்தினேன்.

வெளியே வந்த போலீஸ்காரர் அண்ணாந்து பார்த்தார். "மேல யாரும்மா?"

"என் வீட்டுக்காரர்."

"வண்டி யாருது?"

"என்னுது."

ஏப்ரல் 11, சனி

அவனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருக்கிறதாம். அவன்மீது ஒரு வழக்கு, என்மீது ஒன்று. "கிளை தெரியலன்னு சொல்லிடுங்க, போதும்" என்கிறார் வக்கீல்.

தெரிந்தது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஸ்டியரிங்கை ஒரு சாண் திருப்பியிருந்தால் போதும். திருப்பவில்லை. அவன் அலறிய சத்தம் கேட்டபோது எனக்கு மனசு குளிர்ந்தது. என்னை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது. திரும்ப அந்த இடம் வந்தால்? தெரியவில்லை. திருப்புவேன் என்று எழுத வரவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

சாப்பிட்டேன். தூங்கினேன்.

ஜூன் 21, ஞாயிறு

வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது. தையல்கடைக்காரர் ஒருவழியாக லைசென்ஸ் வாங்கிவிட்டார். கூடாரக் கிழிசலை அவரே தைத்துக்கொடுத்தார். "டபுள் தையல் டீச்சர், யானை இழுத்தாலும் பிரியாது."

நேற்று நானும் அக்காவும் அதே ஏரிக்குப் போனோம். பழக்கதோஷம், சாவியை ஷூவுக்குள் போட்டுவிட்டு மேலே ஏறிவிட்டேன். திரும்ப இறங்கி எடுத்து வந்து ஏணியை மேலே இழுத்துக்கொண்டேன். "யாரு வரப்போறாடி இங்க?" என்று அக்கா சாதாரணமாகத்தான் கேட்டாள். ஏணி மேலேதான் இருக்கிறதா என்று இன்னொரு தரம் தொட்டுப்பார்த்தேன். அவள் குறட்டை விடத் தொடங்கியபிறகு தூக்கமும் போயிற்று.

காலையில் ஏரியில் முகம் கழுவப் போனேன். குனிய முடியவில்லை. அக்கா ஒன்றும் கேட்காமல் ஒரு மக்கில் மொண்டு வந்து நீட்டினாள். கழுவிக்கொண்டேன்.

திரும்பும்போது அந்த மரம் வந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பி, ஒதுங்கித்தான் போனேன்.