காருக்கு அடியில் கிடந்த லுங்கி

கும்மிடிப்பூண்டி,
ஞாயிறு மத்தியானம்.

அன்பு மகன் எபினேசருக்கு அம்மா எழுதுறது. ஆண்டவர் கிருபையில இங்க நாங்க ரெண்டு பேரும் சொகம், நீயும் மஸ்கட்டுல சளி காய்ச்ச எதுவும் இல்லாம இருக்கணும்னு தெனமும் ஜெபத்துல கேட்டுக்கினுதான் இருக்கேன். உங்க அப்பா சொகம்னா முழுசா சொகம், ரெண்டு கையி ரெண்டு காலு எல்லாம் அப்படியே இருக்குது, அத மொதல்லயே எழுதிடுறேன், மிச்சத்தப் படிக்கும்போது நீ அத மறந்துடக் கூடாது. இன்னாடா போன் இருக்கச்சொல்ல அம்மா காயிதம் எழுதுதேன்னு பாக்காத. போன்ல நான் நாலு வார்த்த பேசறதுக்குள்ள சரிம்மா சரிம்மான்னு வெச்சிடுற, வீடியோவுல வந்தா உன் ரூம்காரங்க பின்னால நின்னுக்கினு இருக்காங்க. உன் கம்பெனியில வேல பாக்குற பள்ளிப்பட்டு கோபால் லீவு முடிஞ்சி திரும்புறானாம், அவன்கிட்ட ஊறுகா பாட்டிலோட இதையும் சேத்து அனுப்புறேன். காயிதத்த நடுவுல கட் பண்ண முடியாது பாரு.

புதங்கெழம போன்ல நீ இன்னா சொன்ன, ஒரு வார்த்ததானம்மா, பெரியப்பாகிட்ட சாரின்னு ஒரு வார்த்த சொல்லிடு, முடிஞ்சிடும்னு சொன்ன. கண்ணு, நான் சொல்ல மாட்டேன். அடுத்த மாசம் ஆரணியில ஹெலன் ஊட்டுல உனக்கு நிச்சயதார்த்தம், உங்க அப்பாவோட அண்ணன்தான் நம்ம பக்கத்துப் பெரியவரா முன்னாடி ஒக்காரணும், விக்டோரியா திருவள்ளூருக்கு வந்து என் ஊட்டு வாசல்ல நின்னு மன்னிப்பு கேட்டாத்தான் நான் வருவேன்னு சாலமோன் பெரியப்பா சொல்லி அனுப்பியிருக்காரு, எல்லாம் எனக்குத் தெரியும். நாலு நாளா மண்டைய ஒடச்சிக்கினு யோசிச்சிப் பாத்துட்டேன், ஒவ்வொரு தரமும் மாட்டேன்னுதான் வருது. கல்யாணப் புள்ள நீ, உனக்கு பேஜாராத்தான் இருக்கும், ஆனா நீ பெரியப்பா சொன்னதக் கேட்ட, குரூப்புல வந்த அந்த வீடியோவப் பாத்த, உன் அம்மாகிட்ட இன்னா நடந்துச்சின்னு நீ கேக்கவே இல்ல.

அதனால கேளு. நம்ம காரு சைலன்சரு சிப்காட் ரோட்டுப் பள்ளத்துல அடி வாங்கி, தூக்கிப் புடிக்கிற ரப்பரு அறுந்து, தரையில தேச்சிக்கினே வந்துச்சு. மெக்கானிக்குகிட்ட உடுங்கன்னு நான் சொன்னேன், ஒரு ரப்பரு மாட்டறதுக்கு மெக்கானிக்கான்னாரு உங்க அப்பா. போன ஞாயித்துக்கெழம சர்ச்சு முடிஞ்சி பெரியப்பாவும் ஊட்டுக்கு வந்திருந்தாரு, அண்ணனும் தம்பியும் சட்டையக் கழட்டிட்டு எறங்கிட்டாங்க. நம்ம தெரு எப்படின்னு உனக்குத் தெரியும், சிமெண்ட் ரோடு போட்டவன் கால்வா பக்கமா சாய்ச்சிப் போட்டுட்டுப் போயிட்டான், எலுமிச்சம்பழம் கீழ உழுந்தா எதிர் ஊட்டு கங்கம்மா வாசல்லதான் பொறுக்கணும். அந்தச் சாய்வுல வண்டியோட பின்பக்கத்தத் தூக்கி, ஒரு பக்கம் வண்டியோட வந்த அந்த நோஞ்சான் ஜாக்கி, இன்னொரு பக்கம் சமையக்கட்டு செவுரு கட்டி மீந்த ஹாலோ பிளாக் கல்லு, ஒண்ணு மேல ஒண்ணா. முன்சக்கரத்துக்கு ஒரு கட்டகூட முட்டுக் குடுக்கல. அந்தக் கல்லு உள்ள வெறும் ஓட்டதான, எறக்கி வெக்கறப்பவே எத்தன உடஞ்சிச்சு, நீயும்தான் அன்னிக்குத் தூக்குன.

பெரியப்பா ஜெபம் பண்ணாரு, உங்க அப்பா ஆமென் சொல்லிட்டு மல்லாக்கப் படுத்து உள்ள போயிட்டாரு. நான் கோழிக் கொழம்புக்கு வெங்காயம் வதக்கிக்கினு இருந்தவ, சத்தம் கேட்டு கரண்டியும் கையுமா வெளிய வந்தேன். பாத்தா ரெண்டு காலு மட்டும் வெளிய தெரியுது, உள்ள சுத்தியால தட்டிக்கினு இருக்காரு, தட்டத் தட்ட அந்தக் கல்லுல இருந்து மாவு கணக்கா தூசு கொட்டுது. வெளிய வாங்கன்னு கத்துனேன். நீ போயி கொழம்பப் பாரு விக்டோரியா, ஆம்பளைங்க வேலையில மூக்க நொழைக்காதன்னாரு பெரியப்பா. உங்க அப்பாவும் உள்ள இருந்துக்கினே தோ ஆச்சி தோ ஆச்சின்றாரு. திரும்பவும் சொன்னேன், யாரும் காதுல வாங்கல. கரண்டியக் கீழ போட்டேன், ரெண்டு கணுக்காலையும் புடிச்சேன், இருக்கிற பலத்த எல்லாம் சேத்து ஒரே இழு. ஆளு வெளிய வந்துட்டாரு, லுங்கி எதுலயோ மாட்டிக்கினு உள்ளயே நின்னுடுச்சு. பட்டாபட்டி டவுசரோட உங்க அப்பா நடுத்தெருவுல. கங்கம்மா சிரிச்ச சிரிப்பு ரயில்வே ஸ்டேஷனுக்குக் கேட்டிருக்கும், அவ மருமகதான் வீடியோ எடுத்தது, அது அத்தோட முடிஞ்சிடுது, நீயும் பாத்துட்டு சிரிச்சியாமே, சிரி, நானும் அப்பால சிரிச்சேன்.

வீடியோவுல வராதது இனிமேதான். பெரியப்பா எகிறுனாரு பாரு, உழுந்துச்சா, காரு உழுந்துச்சா, அசையாம நிக்குது பாரு, நீ இழுத்த வேகத்துல அவன் ஜாக்கியில இடிச்சிருந்தா இன்னா ஆவும், ஜெபம் பண்ணிட்டுப் போனவன இப்படி அவமானப்படுத்திட்டியே, உனக்கு விசுவாசமும் இல்ல, மரியாதையும் இல்லன்னாரு. கம்பெனியில சூப்பர்வைசரா இருந்தப்ப தலையில ஹெல்மெட்டு இல்லாதவன கேட்டுலயே திருப்பி அனுப்புன மனுசன் அவரு, நம்ம தெருவுக்கு வந்தா மட்டும் எல்லாத்தையும் ஆண்டவர் தலையில போடுறாரு. அந்த ஆண்டவர்தான் என்னைய சமையக்கட்டுல இருந்து வெளிய அனுப்புனாருன்னு ஏன் நெனைக்கக் கூடாது? ஆனா அதெல்லாம் நான் பேசல. ஒண்ணே ஒண்ணு கேட்டேன்.

“பெரியவரே, அப்ப நீங்க உள்ள போயி அந்த லுங்கிய எடுத்துக்கினு வாங்க.”

அவரு காரப் பாத்தாரு, கல்லப் பாத்தாரு, குனிஞ்சாரு, நிமுந்தாரு. அப்பால நேரா நம்ம ஊட்டுப் பக்கச் சந்துக்குப் போயி ஒட்டடைக் கம்ப எடுத்தாந்து, தள்ளிப் படுத்துக்கினு, கைய நீட்டி அந்த லுங்கிய இழுத்தாரு. யாரும் சிரிக்கல. லுங்கிய நம்ம கேட்டுக் கதவு மேல போட்டுட்டு, சட்டைய மாட்டிக்கினு, சாப்புடாமக் கூட கெளம்பிட்டாரு. உங்க அப்பாவ நான் காலப் புடிச்சி இழுத்தது அவருக்குக் கோவமே இல்ல கண்ணு, அந்தக் கம்ப அவரு கையில எடுக்க வெச்சேன் பாரு, அதுக்குத்தான் மன்னிப்பு கேக்கணுமாம்.

அவரு சொன்னதுல ஒண்ணு மட்டும் நெசம். நான் இழுத்த இழுவையில உங்க அப்பா கையோ தோளோ ஜாக்கியில பட்டிருந்தா நானே வண்டிய அவரு மேல தள்ளுன மாதிரி ஆயிருக்கும். அதுக்கு உங்க அப்பாகிட்ட, முதுகு சிராய்ப்புக்கு மருந்து போடும்போதே மன்னிப்பு கேட்டுட்டேன், முதுகு அவருதுதான. பெரியப்பாகிட்ட கேக்க எனக்கு ஒண்ணும் இல்ல. வண்டி உழலையே உழலையேன்னு பாக்குறவங்க எல்லாம் கேக்குறாங்க, சர்ச்சுல கேக்குறாங்க, கடையில கேக்குறாங்க. உழுந்தாத்தான் நான் சொன்னது சரின்னு ஆவும்னா, நான் தப்பாவே இருந்துட்டுப் போறேன். உழுந்திருந்தா இன்னிக்கு இந்த ஊட்டுல யாரு யாருகிட்ட மன்னிப்பு கேட்டுக்கினு இருப்பாங்க, நீயே சொல்லு.

உங்க அப்பா ஒரு வாரம் என்கிட்ட பேசல. சாப்பாடு மட்டும் ஒரு வேளையும் உடல. ரெண்டு தோச பத்தாம மூணாவது வேணும்னா தட்ட நகத்தி சத்தம் குடுப்பாரு, நானும் அந்தச் சத்தத்துக்கே தோச சுட்டுப் போட்டேன். அப்பால நேத்து சனிக்கெழம, காலையில நாஷ்டா முடிச்சிட்டு எங்கயோ போனவரு, அட்டப் பொட்டியோட வந்தாரு. உள்ள இரும்பு ஸ்டாண்டு ரெண்டு, நாலு காலு, நடுவுல பல்லு பல்லா வெச்சி ஒசத்துற மாதிரி, எத்தன டன்னு தாங்கும்னு அதுலயே போட்டிருக்குது. அன்னிக்கே கல்ல எடுத்துட்டு எறக்கி நிறுத்தியிருந்த வண்டிய மெதுவா ஓட்டிக்கினு போயி ரேஷன் கட எதிர்க்க சமமா இருக்கிற சிமெண்ட் தரையில நிறுத்துனாரு. கியரப் போட்டாரு, முன்சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்ட வெச்சாரு. கை பிரேக்கு பின்சக்கரத்த மட்டும்தான் புடிக்குமாம், பின்பக்கத்தத் தூக்கிட்டா கை பிரேக்கு போட்டும் பிரயோசனம் இல்லையாம், அத ஸ்டாண்டு குடுத்த கடக்காரன் சொன்னப்ப உங்க அப்பாவுக்கு வேர்த்துப் போச்சாம், இத அவரு என்கிட்ட சொல்லல, கங்கம்மா புருசன்கிட்ட சொன்னாரு, கங்கம்மா வந்து சொன்னா. ஜாக்கியால தூக்கி, ஸ்டாண்ட வெச்சி, ஜாக்கிய எறக்கி, வண்டி பாரம் முழுக்க ஸ்டாண்டு மேல ஒக்காந்தப்பறம், கையத் தொடச்சிக்கினு ஊட்டுப் பக்கம் திரும்பி எல்லாருக்கும் கேக்கற மாதிரி கூப்புட்டாரு.

“விக்டோரியா, வந்து ஆட்டிப் பாத்துட்டுப் போ. நீ சரின்னாத்தான் நான் உள்ள போவேன்.”

போனேன். தோளக் குடுத்து நல்லா ஆட்டுனேன், ஒரு ரவ கூட அசையல. சரின்னேன். அவரு உள்ள போனாரு, நான் ஸ்டூலப் போட்டுக்கினு பக்கத்துலயே போனக் கையில வெச்சிக்கினு ஒக்காந்தேன், ரப்பர மாட்டிட்டு முழுசா லுங்கியோட வெளிய வந்தாரு. நேத்துச் சாயங்காலமே அண்ணனுக்குப் போன் போட்டாரு. அவ வர மாட்டாண்ணே, நானும் அவளப் போகச் சொல்ல மாட்டேன், நீ வா, நீ இல்லாம எப்படின்னாரு. பெரியப்பா போன வெச்சிட்டாரு.

அவரு வந்தா மொதப் பந்தியில மொத எல அவருக்குத்தான், நான்தான் பரிமாறுவேன், கோழியில ரெண்டு கால் துண்டு வெப்பேன். பத்திரிக வெக்கவும் நானே திருவள்ளூருக்குப் போவேன், ஒக்காந்து காப்பி குடிப்பேன், மன்னிப்பு மட்டும் கேக்க மாட்டேன். வரலன்னா, ஹெலன் ஊட்டுக்காரங்க நம்ம பக்கம் பெரியவங்க யாருன்னு கேக்கும்போது உங்க அப்பா எழுந்து நிப்பாரு. பெரியப்பா இல்லாத நிச்சயதார்த்தம் நடக்கும் கண்ணு. அப்பா இல்லாத நிச்சயதார்த்தத்த நீ ஒரு நிமிசம் நெனச்சிப் பாரு, பாத்துட்டு அப்பால என்னைய சாரி சொல்லச் சொல்லு.

இன்னொண்ணு இருக்குது, இதுக்காகத்தான் முக்கியமா காயிதம். போன மாசம் நீ ஒரு போட்டோ போட்ட, வெள்ளிக்கெழம லீவுல உன் கார ஜாக்கியில தூக்கி வெச்சிட்டு, அடியில தலைய உட்டுக்கினு பல்லக் காட்டுற. நான் அந்தப் போட்டோவப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்தேன், ஸ்டாண்டும் இல்ல, கட்டையும் இல்ல. நல்லாக் கேட்டுக்கோ. ஜாக்கி தூக்கறதுக்கு, தாங்கறதுக்கு ஸ்டாண்டு. மணல்ல தூக்காத. ஜாக்கி வெக்க வண்டியிலயே எடம் காட்டியிருக்கான், அங்க வெய்யி. ஆட்டிப் பாக்காம உள்ள போவாத, ஆள் இல்லாம போவவே போவாத. இங்க உங்க அப்பாவுக்கு நான் இருந்தேன். அங்க உன் காலப் புடிச்சி இழுக்க யாரு இருக்கா?

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், ஹெலனும் நீயும் நல்லா இருக்கணும். ஊறுகாயில எண்ணெ மேல நிக்கணும், ஈரக் கரண்டி போடாத. வரும்போது பெரியப்பாவுக்கு சென்ட் பாட்டில் வாங்கிக்கினு வராத, ரெண்டு ஸ்டாண்டு வாங்கியாந்து உன் கையால குடு. உனக்கும் ரெண்டு இந்த வெள்ளிக்கெழமைக்குள்ள வாங்கி, போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. அது வர்ற வரைக்கும் நீ போன் பண்ணா நான் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்க அப்பாவ நடுத்தெருவுல காலப் புடிச்சி இழுத்த,
இன்னொரு தரமும் இழுக்கப் போற,
உன் அம்மா
விக்டோரியா மோசஸ்