அணைக்கரையில் சாப்பாட்டுக்கு இறங்குவது பற்றி

முருகன் துணை

அமராவதிபுதூர்
8-4-1973

அன்புள்ள மகன் சேதுபதிக்கு அய்யா எழுதுவது. இங்கே நானும் உன் ஆத்தாளும் தங்கச்சி முத்தழகும், போன வாரம் கன்று போட்ட செவலைப் பசுவும் சௌக்கியம். பிலாயில் நீயும் மருமகள் மீனாளும் பிள்ளைகளும் குறையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன். உன் கடிதம் வந்தது. மே மாத லீவில் எல்லோரும் காரில் கொடைக்கானல் போகலாம், வழியில் ஏதாவது ஏரிக்கரையில் இறங்கிச் சாப்பிட்டு, பிள்ளைகளைக் கொஞ்சம் ஓடவிட்டுப் போகலாம், இடம் பார்த்து வையுங்கள் என்று எழுதியிருந்தாய். கோயிலும் இல்லாமல் துக்கமும் இல்லாமல் நம் குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்பியதாக எனக்கு நினைவில்லை. உன் ஆத்தாள் அங்கே எந்தச் சாமி என்று கேட்டாள், சாமி இல்லை, குளிர்தான் என்றேன், குளிருக்கா இம்புட்டுத் தூரம் போறது என்றாள். மறுநாளே என்ன சோறு கட்டுவது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். புளியோதரையும் தயிர்சாதமும் என்று முடிவாகியிருக்கிறது, மீனாளுக்கு வேறு ஏதும் வேண்டுமானால் எழுதச் சொல்.

கார் கிடைத்துவிட்டது. புதுவயல் மாமா முத்துராமலிங்கம் தன் அம்பாசடரைத் தருகிறேன் என்றார். நீயே ஓட்டுவாய் என்று சொன்னதும் அவருக்கு முகம் கொஞ்சம் மாறியது. மச்சான், மாப்பிள்ளை பிலாயில ஓட்டுறது சரி, மலையில ரேடியேட்டர் கொதிச்சா என்ன செய்வாக என்று கேட்டார். பெரிய கேனில் தண்ணீர் வைத்துக்கொள்வான் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். ரைஸ்மில்லில் நெல் மூட்டைக்கு அலைந்த வண்டிதான், இருந்தாலும் அவர் எதிரில் அதைப் பழைய வண்டி என்று சொல்லிவிடாதே.

இடமும் பார்த்துவிட்டேன். மதுரையிலிருந்து வத்தலக்குண்டு போனால் நேர் ரோடு. நாம் அப்படிப் போகவில்லை, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாக வைகை அணைக்குப் போகிறோம். கொஞ்சம் சுற்றுதான். நீ ஏரி என்று எழுதுகிறாய், நாம் கண்மாய் என்போம், அங்கே தேங்கி நிற்பதை இரண்டிலும் சேர்க்க முடியாது, அவ்வளவு தண்ணீர். சித்திரைக் கடைசியில் இறங்கிக் கிடக்கும், கரையெல்லாம் சேறாக இருக்கும், பிள்ளைகளைக் கையோடு பிடித்துக்கொள். பூங்கா இருக்கிறது, நிழல் இருக்கிறது, உட்கார்ந்து சாப்பிடத் தோதான இடம்.

சுற்றிப் போவதற்கு ஒரு காரணம் உண்டு, அதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். அணையில் மருது என்று ஒரு பையன் ஓவர்சியராக இருக்கிறான். மாமாவுக்குத் தெரிந்த குடும்பம், நம் முத்தழகைக் கேட்கிறார்கள், ஜாதகமும் பொருந்துகிறது. தங்கச்சிக்கு இதுவரை நடந்தது உனக்குத் தெரியும். மூன்று வீட்டார் வந்து கேசரி சாப்பிட்டுப் போனார்கள். ஒரு வீட்டார் பெண் உயரம் என்றார்கள், இன்னொரு வீட்டார் டீச்சர் வேலையை விடவேண்டும் என்றார்கள், மூன்றாவது ஆட்கள் பதிலே அனுப்பவில்லை. தை மாதம் அவர்கள் போன பிறகு அவள் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என்னிடம் வந்து, இனிமே யாரு முன்னாடியும் நான் தட்டத் தூக்கிக்கிட்டு வந்து நிக்க மாட்டேன் அய்யா என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேற்றியிருப்பேன். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அதனால்தான் இந்த ஏற்பாடு. நாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பையனும் அவன் தாயாரும் தற்செயலாக வருவதுபோல் வருவார்கள், மாமா பெயரைச் சொல்லி நம்மோடு நாலு வார்த்தை பேசுவார்கள். பிடித்தால் சொல்லி அனுப்பட்டும். பிடிக்காவிட்டால் ஒன்றுமே நடக்கவில்லை, முத்தழகுக்கு ஒரு தலைகுனிவும் இல்லை. அவளுக்குத் தெரிந்தால் காரில் ஏற மாட்டாள், இனி எந்த வரனையும் பேசவும் விடமாட்டாள். மீனாளிடமும் சொல்லாதே, அவளுக்குச் சிரிப்பை அடக்க வராது. நீயும் பையனைக் கண்டதும் எழுந்து நின்று மரியாதை பண்ணிக் காரியத்தைக் கெடுத்துவிடாதே.

இதுவரை நேற்று எழுதியது. கடிதத்தை ஒட்டுவதற்குள் எல்லாம் மாறிவிட்டது. இன்னொரு இன்லண்டு வாங்கக் காரைக்குடி வரை போக வேண்டாம் என்று இதிலேயே தொடருகிறேன், மேலே ரகசியம் என்று எழுதியதை விட்டுவிடு. இன்று காலையில் உன் ஆத்தாள் பீரோவிலிருந்து அரக்குப் பட்டுச் சேலையை எடுத்து உதறிக் காயப் போட்டாள். முத்தழகு எதற்கு என்று கேட்டிருக்கிறாள். கொடைக்கானலுக்கு நீ கட்டத்தான் என்றிருக்கிறாள் இவள். புளியோதரை திங்கிறதுக்கு எதுக்கு ஆத்தா பட்டு என்று அவள் கேட்க, அணைக்கரையில நாலு பேரு பாப்பாகல்ல என்று இவள் சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கப் பிள்ளைகளின் பொய்யைப் பிடிப்பவளுக்கு இது போதாதா. நேராக என்னிடம் வந்தாள். எந்த நாலு பேரு அய்யா என்றாள். சொல்லிவிட்டேன்.

சத்தம் போடுவாள் என்று நினைத்தேன், போடவில்லை. அவுகளுக்கு மட்டும் தெரியும், எனக்குத் தெரியக் கூடாது, அப்படித்தானே என்று கேட்டாள். வாக்கை நான் மீறவில்லையே, அங்கே தட்டு கிடையாதே என்றேன். தட்டுதான் இல்ல, நான் இருக்கேன்ல என்றாள். மத்தியானம் வரை திண்ணையில் பள்ளிக்கூட நோட்டுகளைத் திருத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். உன் ஆத்தாள் பட்டுச் சேலையை மடித்து உள்ளே வைத்துவிட்டாள், கொடைக்கானலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று உனக்கு எழுதச் சொன்னாள். நானும் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். அப்போது முத்தழகே வந்தாள். வாரேன் அய்யா, அவுகளும் வரட்டும், ஆனா நானும் பாப்பேன் என்றாள். எனக்குப் புடிக்கலைன்னா எந்திரிச்சுப் போயி கார்ல உக்காந்துக்கிருவேன், அண்ணன் வண்டிய எடுத்துரணும், ஏன்னு ஒருத்தரும் என்னயக் கேக்கக் கூடாது என்றாள். உன் ஆத்தாள் வாயில் அடித்துக்கொண்டாள், மாமா முகத்தில் எப்படி முழிப்பது என்கிறாள். அந்த மூன்று வீட்டாரும் எழுந்து போனபோது ஏன் என்று நாம் யாரும் கேட்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். மாமாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவள் பட்டு கட்டப் போவதில்லை, பள்ளிக்கூடத்துக்குக் கட்டும் நூல் சேலைதானாம்.

ரயிலில் வரும்போது பிள்ளைகளுக்கு வழியில் விற்கும் பழம் ஏதும் வாங்கிக் கொடுக்காதே. மீனாளுக்கு என் ஆசீர்வாதம். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீண்டகாலம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அணைக்கரையில் காரை நிழலாகப் பார்த்து நிறுத்து, இறங்கும்போது பழக்கதோஷத்தில் கதவைப் பூட்டிவிடாதே.

இப்படிக்கு,
உன் அய்யா
பெரியகருப்பன்