கவ்வாத்துக்காரர் போட்ட இரட்டைப் பின்னல்

அப்பா,

இன்று காலை பேத்திக்கு நான்தான் தலை பின்னிவிட்டேன். அவளுடைய அம்மா முதல் பஸ்ஸில் பதுளைக்கு வேலைக்குப் போய்விட்டாள். வெந்தயமும் செம்பருத்தி இலையும் போட்டுக் காய்ச்சிய எண்ணெய்ப் போத்தலைத் திறந்தேன். அந்த வாசனை வந்ததுமே நீங்களும் வந்துவிட்டீர்கள். உங்கள் இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் நான் நெளிய, "ஆடாதடா, வகிடு கோணலாப் போகுது" என்று நீங்கள் அதட்டுவது காதில் கேட்டது. "வழுக்கைத் தலை தாத்தாவுக்கு எப்படிப் பின்னத் தெரியும்?" என்று பேத்தி கேட்டாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதால் சிரித்துச் சமாளித்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில், நமுனுகுலப் பக்கத்து நம் தேயிலைத் தோட்டத்தில் இடுப்பு வரை சுருள் முடியோடு திரிந்த ஒரே பையன் நான்தான். பிறந்த கையோடு காய்ச்சலில் கிடந்த என்னை எல்லோரும் கைவிட்டபோது, அம்மா கதிர்காமத்து முருகனிடம் வேண்டிக்கொண்டாளாம்: பிள்ளை பிழைத்தால் ஐந்து வயது வரை கத்தி படாமல் முடி வளர்த்து, மாணிக்க கங்கைக் கரையில் இறக்குகிறேன் என்று. நான் பிழைத்துக்கொண்டேன். எனக்கு மூன்று வயது நிறையும் முன்பே அம்மா போய்விட்டாள். அவள் கொடுத்த வாக்கு பாதி வளர்ந்தபடி என் தலையில் இருந்தது.

உங்களுக்கோ தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடும் கவ்வாத்து வேலை. "ஊருச் செடியெல்லாம் வெட்டுறாரு, வீட்டுல மட்டும் காடு வளக்குறாரு" என்று நம் லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் கேலி செய்வார்கள். நீங்கள் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டீர்கள். கதவு நிலையில் மூன்று கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டுப் பின்னப் பழகினீர்கள். கத்தி பிடித்துக் காய்ப்பேறிய அந்த விரல்களில் முடி சிக்கும், நான் கத்துவேன். கொஞ்ச நாளில் லயத்துப் பெண்களே வந்து பார்த்துவிட்டுப் போகும் அளவுக்குக் கை தேறிவிட்டது. வேலை நாளில் காதுக்கு மேல் மடித்துக் கட்டிய இரட்டைப் பின்னல். வெள்ளிக்கிழமை உச்சிக் கொண்டை. தீபாவளிக்கு ஒரு பக்கமாகச் சாய்த்த கொண்டை, அதைச் சுற்றிப் பூ. மழை நாளில் எல்லாவற்றையும் சுருட்டி, மழைக்குத் தலையில் போடும் கொங்காணிச் சாக்குக்குள் திணித்துவிடுவீர்கள். பேரழகன்தான் போங்கள் நான்.

லுணுகலையில் ரிப்பன் வாங்கப் போனது நினைவிருக்கிறதா? கடைக்கார முஸ்லிம் நானா என்னைப் பார்த்து, "மகளுக்குச் சிவப்பு எடுங்க, நல்லா எடுப்பா இருக்கும்" என்றார். "மகனுங்க நானா. சிவப்பே குடுங்க" என்றீர்கள். அவர் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஒரு முழம் கூடுதலாகவே வெட்டிக் கொடுத்தார்.

எனக்கு ஐந்து வயதான அந்த வருஷம், ஆடித் திருவிழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பிள்ளைக் காம்பராவில் பேன் பரவியது. அம்மாமார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது எங்களையெல்லாம் விட்டுவிட்டுப் போகும் இடம் அது. ஒரு தலையில் ஏறினால் எல்லாத் தலையிலும் ஏறிவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த மருந்து ஐயா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: வரும் சனிக்கிழமை ஆண் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மொட்டை. பெண் பிள்ளைகளை வாரிப் பார்த்து, பேன் இருந்தால் மட்டும் வெட்டு.

அன்று மாலை பக்கத்துக் காம்பரா அத்தை வந்து, "வெட்டிருங்கண்ணே. முடி திரும்ப வளராமயா போயிரும்? சாமி கோவிச்சுக்காது" என்றார். நீங்கள் என் பின்னலை எடுத்து உங்கள் மடியில் வைத்துக்கொண்டீர்கள். பிறகு, "சாமி கோவிச்சுக்காது தாயி. அவ இருந்தா அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வெட்டிருவேன். இப்ப யார்கிட்ட கேக்குறது?" என்றீர்கள். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், தன் வீட்டுப் பேன் சீப்பைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த வாரம் முழுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வேலை விட்டு வந்து முகம் கழுவுவதற்கு முன்பே வேப்பெண்ணெயைத் தலையில் தேய்த்துவிடுவீர்கள். பிறகு வாசலில் வெளிச்சம் உள்ள வரை கற்றை கற்றையாகப் பிரித்து வாருவீர்கள். அகப்பட்ட பேனைக் கட்டை விரல் நகத்தில் வைத்து நசுக்குவீர்கள். நான் அழுதால் ஒரு கருப்பட்டித் துண்டு. மறுபடி அழுதால் ஒரு குட்டு.

சனிக்கிழமை நாவிதர் கத்தி தீட்டிக்கொண்டு காத்திருந்தார். பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க வந்த அம்மாமாரும் நின்றிருந்தார்கள். மருந்து ஐயா என் சிவப்பு ரிப்பனைப் பார்த்தார், என்னைப் பெண் பிள்ளைகளின் வரிசையில் தள்ளிவிட்டார். பிள்ளைக் காம்பராவில் எங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆயா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பேசாமல் நின்றிருந்தால் என் முடி தப்பியிருக்கும். அந்த நேரம் பார்த்து, வாசலில் நின்ற நீங்கள் தோள் துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தீர்கள்.

"ஐயா, அது ஆம்பளப் புள்ளைங்க."

"உது பெடியனோ? உன்ர மகனோ?" என்று மருந்து ஐயா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "பிறகென்ன, மொட்டைதான்."

"இது கதிர்காமத்துக்கு நேர்ந்துவிட்ட முடிங்க. அவங்க அம்மா நேர்ந்துக்கிட்டது. பொம்பளப் புள்ளைன்னு பொய் சொல்லி இத நான் காப்பாத்த மாட்டேன். பொம்பளப் புள்ளைகளப் பாக்குற மாதிரியே வாரிப் பாருங்க. ஒண்ணே ஒண்ணு விழுந்தாலும் நானே வெட்டிடுறேன்."

ஆயா தலையில் கை வைத்துக்கொண்டார். மருந்து ஐயா உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேசையில் வெள்ளைக் காகிதம் ஒன்றை விரித்து, என் பின்னலை அவிழ்த்து, சீப்பை எடுத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு சாவதானமாக நின்றிருந்தீர்கள். அவர் வாரினார், உதறினார், காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மறுபடியும் வாரினார். காகிதம் வெள்ளையாகவே இருந்தது.

"ஆர் வாரிவிட்டது?"

"நாந்தாங்க."

"ஆடித் திருவிழா வரைக்கும் இப்பிடியே வச்சிரு" என்று அவர் சீப்பைக் கீழே வைத்தார். பின்னால் நின்ற அத்தைதான் முதலில் குலவை போட்டார். அடுத்த நொடி பெண்கள் எல்லோரும் சேர்ந்து போட்ட குலவையில் தூங்கிக்கொண்டிருந்த கைப்பிள்ளைகள் விழித்து அழுதன. நீங்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, அவிழ்ந்த முடி காற்றில் பறக்க, லயம் வரைக்கும் நடந்தீர்கள். அன்றைக்கு எனக்கு இருந்த திமிர் இந்த வயது வரை திரும்ப வந்ததில்லை.

ஆடியில் வெல்லவாய வழியாகப் பஸ் ஏறிப் போனோம். மாணிக்க கங்கைக் கரையில் உட்காருவதற்கு முன், நீங்கள் எனக்குக் கடைசியாக ஒருமுறை இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டினீர்கள். இறக்கப்போகிற முடிக்கு எதற்கு அலங்காரம் என்று மொட்டை போடுபவர் சிரித்தார். "அவ பாக்க வேணாமா" என்றீர்கள். இறக்கிய பின்னல்கள் இரண்டையும் கையில் வாங்கிக்கொண்டு, "புள்ள, நீ சொன்னத செஞ்சிட்டேன்" என்று அம்மாவிடம் சத்தமாகவே சொன்னீர்கள். நீங்கள் அழுது நான் பார்த்தது அன்றுதான். சிரித்துக்கொண்டேதான் அழுதீர்கள்.

அப்பா, இன்று பள்ளிக்கூட வாசலில் பேத்தியின் டீச்சர் அவள் பின்னலைத் தொட்டுப் பார்த்து, "என்ன அழகா இருக்கு. அம்மாவா பின்னிவிட்டாங்க?" என்று கேட்டார். பேத்தி என்னைக் காட்டினாள். சுற்றி நின்ற பெற்றோர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் தோள் துண்டை இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

"நாந்தாங்க டீச்சர்," என்றேன். "எங்க அப்பா எனக்குப் போட்ட பின்னல் இது."