பூட்ஸ் நுழையாத கால்

பெங்களூர்,
மார்கழி 12, 1938

அப்பாவுக்கு, தீர்த்தகிரி கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். ஆத்தாவின் இருமல் நின்றதா?

மில்லுக்குப் புது துரை வந்திருக்கிறார். பந்தாட்டக் குழுவில் இனி எல்லோரும் பூட்ஸ் போட்டுத்தான் ஆட வேண்டுமாம். பத்து நாள் பழகினேன். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஓடுவது போலிருந்தது. நேற்று மேஸ்திரி, "வெறுங்காலு ஆளுங்க அஞ்சு பேரும் ஆட்டத்துலேர்ந்து நின்னுக்கங்கப்பா" என்று சொல்லிவிட்டார். குழுச் சட்டையைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கவலை வேண்டாம், பஞ்சுக் கிடங்கில் வேலை இருக்கிறது.

தை மாதம் ஆட்டம் பார்க்க அவசியம் வாருங்கள். குதிகால் புண்ணுக்கு விளக்கெண்ணெய் கொஞ்சம் கொண்டுவாருங்கள்.

மில் சங்கு ஊதிவிட்டது. போன தடவை மைதானத்தில் என்னைத் தேடித் தேடிக் கண் வலித்தது என்றீர்களே, இந்தத் தடவை உங்கள் பக்கத்திலேயே நிற்பேன்.

தீர்த்தகிரி