ரோஷீனுக்குக் கட்டிய மெட்டு

என்னிஸ்,
3 மார்ச் 2003

அன்புள்ள மைரேட்,

நலமா? கால்வே ஈரக்காற்று உன் முழங்கையைப் படுத்தாமல் இருக்கிறதா?

ஐரிஷ் நாட்டுப்புற மெட்டோடு எலெக்ட்ரிக் கிட்டாரைச் சேர்த்து நாம் குழு ஆரம்பித்து முப்பது வருஷமாகிறது. அன்று மேடையை விட்டு இறங்கச் சொன்னவர்களே இப்போது கூப்பிடுகிறார்கள். முதல் இசைத்தட்டும் மறுபடி வருகிறது. உன் பிடில் இல்லாமல் என் கிட்டார் மட்டும் இரைந்தால் ஊர் சிரிக்கும். அதில் கடைசியாக வரும் மெட்டை ஒவ்வொரு பப்பிலும் பிள்ளைகள் ஆட்டத்துக்கு வாசிக்கிறார்கள், கேட்டால் பூரித்துப்போவாய். பிரிந்து வாழ்கிறோம் என்பதற்காக மேடையையும் பிரிக்க வேண்டுமா? மே மாதம் வாயேன்.

உன் (இன்னும் அப்படிப் போடலாமென்றால்)
கோர்மக்

கால்வே,
11 மார்ச்

கோர்மக்,

கேட்டேன். பூரிக்கவில்லை. ஞாயிறு மதியம் பப்பில் ஒரு பெண் அதை வாசித்தாள். யாருடையது என்று கேட்டேன். "இருநூறு வருஷப் பழசும்மா, யாரு கட்டுனதுன்னெல்லாம் கிடையாது" என்றாள்.

அவளை எப்படிக் குறை சொல்வேன்? இசைத்தட்டின் உறையில் அதற்கு நேரே 'மரபு' என்று போட்டது நீ. யார் கட்டியதென்று தெரியாத மெட்டுக்குத்தானே அப்படிப் போடுவோம்? நம் ரோஷீனை அடக்கம் செய்த வாரத்தில் நான் கட்டியது அது. நீ பக்கத்து அறையில்தான் இருந்தாய்.

புது உறையில் மகள் பெயரைப் போடு. வருகிறேன்.

மைரேட்

என்னிஸ்,
20 மார்ச்

மைரேட்,

போடச் சொல்லிவிட்டேன். அன்று, முதல் உறை அச்சாகும்போது, இசைத்தட்டுக் கம்பெனிக்காரன் போனில் "இது யாரோடது?" என்றான். உன் பெயரைச் சொன்னால் அடுத்து அவள் பெயரையும் சொல்ல வேண்டிவரும். வாயில் வரவில்லை. "பழசுப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதை உன்னிடம் ஒப்புக்கொள்ளவும் இத்தனை வருஷம் எனக்குத் துப்பில்லை.

நேற்று பப்பில் பிள்ளைகளிடம் விஷயத்தைச் சொன்னேன். ஆடியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். செத்த குழந்தையின் மெட்டுக்கு ஆடுவது பாவம், இனி அதைத் தொடவே மாட்டோம் என்கிறார்கள். நல்ல பிள்ளைகள்.

கோர்மக்

கால்வே,
29 மார்ச்

கோர்மக்,

நீ அவளை மறந்துவிட்டாய் என்று நினைத்துத்தான் வீட்டை விட்டு வந்தேன். இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் இருவரும் சேர்ந்து அழுதிருப்போம். இப்போது எனக்கு அழக்கூடத் தெம்பில்லை.

உறையில் 'மரபு' என்றே இருக்கட்டும். பிள்ளைகளிடம் போய், கிழவன் ஏதோ உளறிவிட்டேன் என்று சொல், நம்புவார்கள். பழையபடி வேகமாக வாசிக்கட்டும், அவளுக்கும் சேர்த்து ஊரெல்லாம் ஆடட்டும். பதினோரு மாதத்தில் போனவள், ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை.

மேடைக்கு நான் வரவில்லை. உன் பக்கத்தில் நின்று அதை யாருடையதோ போல வாசிக்க என்னால் ஆகாது. நீ வாசி. உனக்குப் பழக்கம்தான்.

மைரேட்