வெங்காய லொறியின் பாரம்

கொட்டாஞ்சேனை,
12.8.1986

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் சுகம். லொறி ஓடி ஓடி வந்த உங்கட முதுகுநோ எப்படி? அம்மா மருந்து எடுக்கிறாவோ?

இங்க லொறி நிறுக்கிறதுதான் என்ர வேலை. பாரம் இரண்டு மடங்கானால் றோட்டு பதினாறு மடங்கு பழுதாகும், திருத்தக் காசில்லை என்று எங்கட வேலையிடத்துப் பெரியவர் கத்துவார். நேற்று ஒரு வெங்காய லொறியை மறிச்சு, "பாதியை இறக்குங்கோ, இரண்டு தரமாக் கொண்டுவாங்கோ" என்றன். றைவர் சிரிச்சார்.

"தம்பி, ஒருக்கா வரவே பதினொரு ஆமி செக்பொயின்ற். இரண்டு தரம் வந்தால் றோட்டுத் தப்பும். நான் தப்புவனோ?"

விட்டிட்டன். பெரியவர் ஏசினார், அவ்வளவுதான். ஆனால் மனம் ஓரிடத்தில நிக்குதில்லை.

அடுத்த தரம் லொறியோட இங்க வரேக்க மிளகாய்த்தூளும் என்ர பழைய போர்வையும் கொண்டுவாங்கோ. கடிதம் கொண்டுபோறவர் வாசலில அவசரப்படுத்திறார்.

பாரத்தைக் குறையுங்கோ என்று போன கடிதத்தில எழுதினனான். அதை மறந்திடுங்கோ, ஐயா. முழுக்க ஏத்திக்கொண்டு ஒரே தரம் வாங்கோ. றோட்டைத் திருத்தலாம்.

மகன்
ஸ்ரீஸ்கந்தராசா